யூகோ வீசிய வாரம்

மொட்டை மாடியில் கொடிக்கயிறு அறுந்துவிட்டது. வருடக்கணக்காக வெயிலில் கிடந்து இற்றுப்போன நைலான் கயிறு. ஈரப் போர்வையின் பாரம் தாங்கவில்லை. புதுக்கயிறு வாங்கி வந்து இரும்புத் தூணில் சுற்றினேன். சின்னதாக ஒரு வளையம் போட்டு, நுனியை அதற்குள் விட்டு, கயிற்றின் பின்னால் சுற்றி, திரும்ப அதே வளையத்துக்குள் இறக்கி இழுத்தேன். முடித்த பிறகுதான் கவனித்தேன், கை தானாகப் போட்டிருந்தது பௌலைன் முடிச்சு. எவ்வளவு பாரம் இழுத்தாலும் நழுவாது. வேண்டாம் என்றால் கட்டைவிரலால் நெம்பினால் போதும், அவிழ்ந்துவிடும்.

அதைக் கற்றுக் கொடுத்தவர் குரோஷியாவின் டால்மேஷியக் கரையைச் சேர்ந்த ஒரு படகோட்டி. அவர் சொல்லிக் கொடுத்தது தங்கை மகளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சேர்ந்து கற்றுக்கொண்டேன். "முயல் வளையை விட்டு வெளியே வருது. மரத்தைச் சுத்துது. நரியைப் பார்த்துட்டு மறுபடி வளைக்குள்ளே ஓடுது." பத்து வயதுப் பெண் அன்று முழுக்கப் படகில் இருந்த கம்பி, கைப்பிடி, காபிக் கோப்பையின் காது என்று ஒன்று விடாமல் முயலை ஓட விட்டாள்.

தங்கை குடும்பம் ஜெர்மனியில் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் காட்டுப் பாதை, மலை, ஏரி என்று அழைத்துப் போவார்கள். அந்த முறை, "அக்கா, இந்த வருஷம் கடல். ஒரு வாரம் படகிலேயே இருக்கப்போறோம்" என்றாள். அவள் கணவர் ஸ்பிளிட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய்மரப் படகை, ஓட்டுபவரோடு சேர்த்து, வாடகைக்குப் பிடித்திருந்தார். கோடை முடிகிற நேரம். அந்தக் கரையில் படகுகளுக்கு எல்லாம் சனிக்கிழமைக் கணக்குதான். சனி மாலை ஏறினால் அடுத்த சனி காலை இறங்க வேண்டும். நடுவில் எந்தத் தீவு, எந்தத் துறை என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைப் படகோட்டி முதல் நாளே அழுத்திச் சொன்னார். பாப்பா அவரை அங்கிள் என்றாள். நாங்கள் மூவரும் கேப்டன் என்றோம்.

படகு ஏறுவதற்கு முன் ஸ்பிளிட்டில் ஒரு பகல் கிடைத்தது. ரோமானியப் பேரரசன் டயோக்ளீஷியன் 305-ஆம் ஆண்டில் தானே விரும்பிப் பதவியை விட்டிறங்கி, ஓய்வெடுக்கக் கட்டிக்கொண்ட மாளிகை அங்கே இருக்கிறது. திரும்பி வந்து ஆட்சியை ஏற்கச் சொல்லிக் கேட்டவர்களிடம், என் கையால் நட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று அவன் சொன்னதாக ஒரு பழைய செய்தி உண்டு. மாளிகை என்றதும் நான் நுழைவுச்சீட்டு, வரிசை, கயிறு கட்டிய தடுப்பு என்று எதிர்பார்த்துப் போனேன். உள்ளே ஒரு ஊர் இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் பக்கத்திலிருந்த சலோனா நகரம் தாக்குதலில் அழிந்தபோது, தப்பியவர்கள் இந்த மதிலுக்குள் புகுந்து குடியேறினார்கள். அன்று நுழைந்த ஊர் இன்றுவரை காலி செய்யவில்லை. ரோமானியத் தூணை அணைத்தபடி மூன்றாம் மாடி, அதற்குமேல் ஒரு ஜன்னல், ஜன்னலில் தக்காளித் தொட்டி. சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கப்பி வைத்துக் கொடிக்கயிறு ஓடுகிறது. ஒரு பாட்டியம்மா ஜன்னலில் நின்று கயிற்றை இழுக்க இழுக்க, 1,700 வருடத்துச் சுவரின் முன்னால் தலையணை உறைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. அங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

டயோக்ளீஷியனின் கல்லறை மண்டபம் இப்போது தேவாலயம். அவன் காலத்தில் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அப்படிக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் சலோனாவின் ஆயர் தோம்னியஸ். பேரரசனின் சவப்பெட்டி என்றோ காணாமல் போய்விட்டது. தோம்னியஸின் எலும்புகள் அதே மண்டபத்தில் பலிபீடத்தில் இருக்கின்றன. நகரத்தின் காவல் புனிதர் அவர்தான். மாளிகையின் நிலவறைகளோ நூற்றாண்டுகளாக மேலே குடியிருந்தவர்கள் கொட்டிய குப்பையால் நிறைந்து கிடந்தவை. அந்தக் குப்பைதான் அவற்றை இடியாமல் காப்பாற்றியது. மேலிருந்த அறைகள் உருத்தெரியாமல் மாறியும், கீழே தோண்டி எடுத்த அறைகளை வைத்து மேல்தளம் எப்படி இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். மேற்கூரை திறந்த வட்ட மண்டபத்தில் ஐந்தாறு ஆண்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். கிளாபா என்கிற கடற்கரைப் பாட்டு அது. குரல் சுவரில் ஏறி மேலே திறந்த வானத்துக்குப் போய்விடும் என்று நினைத்தேன்; திரும்பி நம் நெஞ்சுக்குள் இறங்கியது.

மறுநாள் காலை கடல் அசையவில்லை. இன்ஜின் ஓட்டத்தில்தான் ப்ராச் தீவையும் ஷோல்தா தீவையும் பிரிக்கும் இடைவெளியைக் கடந்தோம். பாய்மரப் படகு என்று சொல்லி இன்ஜினிலேயே கூட்டிப்போகிறாரே என்று தங்கை கணவர் கேட்டும்விட்டார். கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை; வடமேற்கே தண்ணீரைப் பார்த்தார். நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால், தூரத்தில் கடல்மேல் ஒரு கருநீலக் கோடு தெரிந்தது. அது நெருங்கி வந்து, வந்த இடமெல்லாம் சின்னச் சின்ன மடிப்புகளாயிற்று. "வந்துடுச்சு," என்றார். மேஸ்ட்ரால். வெயிலில் கரை சூடேறி, கடல் குளிர்ந்தே இருக்க, தினம் நடுப்பகலில் எழுந்து சூரியன் சாயும்போது படுத்துவிடும் கோடைக்காற்று. பாய் ஏறியது, படபடத்தது, பிறகு ஒருபக்கமாக விம்மி நின்றது. இன்ஜினை அணைத்தார்.

அந்த நிமிடத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது சமையலறைதான். படகு ஒருபக்கம் சாய்ந்ததும் அலமாரிக் கதவு திறந்து வெங்காயம் உருண்டது, தண்ணீர் பாட்டில் விழுந்தது, தங்கை சுவரில் கைவைத்து நின்றாள். அடுப்பு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. இரண்டு பக்கமும் கீல் வைத்துத் தொங்கவிட்ட அடுப்பு அது. படகு எப்படிச் சாய்ந்தாலும் அது தன் எடையால் ஆடி ஆடி மட்டமாகவே நிற்கும். அதன்மேல் கொதித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. மணிக்கு ஆறு கடல் மைல், அதாவது சைக்கிளில் அவசரமில்லாமல் போகிற வேகம். ஹ்வார் தீவின் நீண்ட குடாவுக்குள் நுழைந்தபோது பைன் மரப் பிசின் வாசனை தண்ணீர்மேல் வந்து எதிர்கொண்டது.

அந்தக் குடாவிலுள்ள ஸ்டாரி கிராட் என்கிற ஊரில் நங்கூரம் போடும் வேலை இல்லை. படகைப் பின்னோக்கி ஓட்டி, பின்புறத்தைக் கற்படித்துறைக்கு ஒட்டி நிறுத்துகிறார்கள். முகப்பைப் பிடித்துவைக்க, கடலடியில் கட்டிய ஒரு கயிறு கரையோரமாகக் கிடக்கும். நீண்ட கொக்கிக் கழியால் அதைத் தூக்கி, கையில் பிடித்தபடியே படகின் ஓரமாக முகப்புவரை நடந்து போய்க் கட்ட வேண்டும். பாசி வழுக்கும், ஒட்டியிருக்கும் சிப்பிகள் விரலைக் கிழிக்கும். கேப்டன் எங்கள் எல்லாருக்கும் தோல் கையுறை கொடுத்தார். தங்கை கணவர் முதல் தடவையே அதைச் சரியாகக் கட்டி முடித்தபோது, பக்கத்துப் படகிலிருந்த முகம் தெரியாதவர்கள் கைதட்டினார்கள்.

கிரேக்கத் தீவான பாரோஸிலிருந்து வந்தவர்கள் கி.மு. 384-இல் அங்கே ஃபாரோஸ் என்ற ஊரை அமைத்தார்கள். ஊருக்குப் பின்னால் விரிகிற சமவெளியை அளந்து, ஏறக்குறைய 900 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம் கொண்ட துண்டுகளாகப் பிரித்துக் குடியேறியவர்களுக்குக் கொடுத்தார்கள். 2008-இல் யுனெஸ்கோ அந்த வயல்வெளியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சைக்கிள் எடுத்துக்கொண்டு போனோம். பார்ப்பதற்கு அங்கே 'இடம்' என்று எதுவும் இல்லை, அதனால் பலரும் ஏமாந்து திரும்புகிறார்கள். திராட்சை, ஒலிவ மரம், அத்திமரம், நடுவில் சுண்ணாம்போ மண்ணோ வைக்காமல் அடுக்கிய கல்வேலி. அந்த வேலிகள் ஓடுவது கிரேக்கர் போட்ட எல்லைக்கோட்டின் மேல். எத்தனை அரசுகள் மாறின! ரோம், வெனிஸ், ஆஸ்திரியா, யுகோஸ்லாவியா எல்லாம் வந்து போயும், அந்தக் கோடு தன் இடத்திலேயே இருக்கிறது.

ஒரு பெரியவர் சரிந்த வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்லை எடுப்பார், கையில் திருப்புவார், வைப்பார், ஆட்டிப் பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் எடுத்துக் கீழே போடுவார். எந்தக் கல்லையும் உடைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பொந்து வரும்வரை காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கைநிறைய அத்திப்பழம் கொடுத்தார். தங்கை கணவர் ஜெர்மன் மொழியில் பேச்சுக் கொடுத்தார். கிழவர் இளவயதில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்தவராம், பதில் சரளமாக வந்தது. இந்த வேலியை முதலில் கட்டியது யார் என்று பாப்பா கேட்டாள். தாத்தா இந்த மூலையைக் கட்டினார், அப்பா அந்த மூலையை, மழைக்கு விழுவதை நான் கட்டுகிறேன், இன்னும் முடியவில்லை என்றார் அவர்.

ஊருக்குள் பேதர் ஹெக்டோரோவிச் என்ற கவிஞரின் கோட்டை வீடு இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் துருக்கியத் தாக்குதலுக்குப் பயந்து, ஊர்மக்களும் வந்து ஒளிந்துகொள்ளும்படி கட்டியது. நடுவில் கடல்நீர் வந்துபோகும் மீன்குளம், மேலே புறாக்கூடு, சுவரெங்கும் கல்லில் வெட்டிய வாசகங்கள். கழிப்பறைக்கு மேலேகூட, மனிதனே உனக்கென்ன செருக்கு என்று கேட்கும் பொருளில் ஒன்று. இரண்டு மீனவர்களோடு படகில் மூன்று நாள் போய்வந்த அனுபவத்தை இவர் நீண்ட கவிதையாக எழுதினார். 1568-இல் வெனிஸில் அச்சானது. மீனவர்களின் பெயரை, அவர்கள் பாடிய பாட்டை, பாட்டின் மெட்டோடு பதிந்துவைத்திருக்கிறார். பிரபு வீட்டு மனிதர் ஒருவர் தன்னைச் சுமந்த படகோட்டிகளின் பேச்சை மதித்துக் கேட்டார் என்பதற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அடுத்த நாள் தீவின் மேற்கு முனையைச் சுற்றிக்கொண்டு தெற்கே இறங்கி, ஷ்செத்ரோ என்ற சிறு தீவின் குடாவில் மிதவையில் கட்டினோம். ஊர் கிடையாது, இரண்டு மூன்று கல்வீடுகள், ஓர் உணவகம். படகு நின்று பத்து நிமிடத்தில் ரப்பர் படகில் ஓர் இளைஞர் வந்து, ராத்திரி பேக்கா வேண்டுமா என்று கேட்டார். முன்கூட்டியே சொன்னால்தான் உண்டு. அகன்ற தட்டில் ஆக்டோபஸும் உருளைக்கிழங்கும் ஒலிவ எண்ணெயும் போட்டு, மணி வடிவ இரும்பு மூடியால் மூடி, மேலே தணல் அள்ளிப்போட்டு மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். அந்த உருளைக்கிழங்கின் ருசியைத் தங்கை இன்றுவரை தன் வீட்டு அவனில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அதே குடாவில்தான் பாப்பா முதன்முதலாக முகமூடி மாட்டிக் கடலடியைப் பார்த்தாள். தலையைத் தூக்கியவள், "பெரியம்மா, கீழே யாரோ பெரிய பெரிய சிப்பியை நட்டு வச்சிருக்காங்க!" என்று கத்தினாள். நானும் இறங்கிப் பார்த்தேன். கடற்புல் மேட்டில் கூர்முனை மண்ணில் புதைந்து, அகன்ற வாய் மேலே திறந்தபடி, முழங்கை நீளத்துக்கு, ஒன்றுக்கொன்று அரையடி, முக்கால் முழம் தள்ளித் தள்ளி நிமிர்ந்து நின்றன. பின்னா என்கிற சிப்பி. மத்தியதரைக் கடலில் மட்டும் வாழ்வது, ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. தன்னை மண்ணில் பிணைத்துக்கொள்ள அது விடும் பொன்னிற இழையைத்தான் பழங்காலத்தில் கடற்பட்டாக நெய்தார்கள். நாங்கள் போய்வந்த பிறகு ஒரு ஒட்டுண்ணி நோய் பரவியது. 2016-இல் ஸ்பெயின் கரையில் தொடங்கி, 2019-இல் குரோஷியக் கடலையும் எட்டி, அனேகமாக எல்லாச் சிப்பிகளையும் கொன்றுவிட்டது. இப்போது தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டைத் தேடிக் கண்டுபிடித்துக் காக்கப் பாடுபடுகிறார்கள். அன்று தண்ணீருக்குள் விரலால் சுட்டிக்காட்டி ஒவ்வொன்றாக எண்ணிய குழந்தை, அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழுதாள். எனக்கும் ஆறுதல் சொல்லத் தெரியவில்லை.

கோர்ச்சுலாவுக்குப் போன அன்றுதான் பாய் முழுக்க விரித்து ஓடினோம். பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்தின் மலைக்கும் கோர்ச்சுலா தீவுக்கும் நடுவே கடல் குறுகுகிறது; மேஸ்ட்ரால் அதற்குள் நுழைந்ததும் வேகம் பிடிக்கிறது. பின்னாலிருந்து அடித்த காற்றில் படகு சாயவேயில்லை. காற்றில்லை என்றுகூடத் தோன்றியது, ஆனால் கரை கடகடவென்று பின்னே போனது. கோர்ச்சுலா மதில் சூழ்ந்த சின்ன ஊர், கடலுக்குள் நீட்டிய ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. நடுவே ஒரு தெரு, அதிலிருந்து இருபுறமும் மீன்முள்ளாகப் பிரியும் சந்துகள். கேப்டன் எங்களை வழிகாட்டிப் புத்தகத்தை மூடச் சொன்னார். "மேற்குப் பக்கச் சந்துல போய் நில்லுங்க. பிறகு கிழக்குப் பக்கம் போங்க."

மேற்குச் சந்தில் நின்றதும் துப்பட்டா என் தோளைவிட்டுப் பறந்தது. சந்து நேராகக் கடலுக்குத் திறந்திருந்தது; மதியத்து மேஸ்ட்ரால் தங்குதடையின்றி ஏறி வந்தது. நடுத்தெருவைக் கடந்து கிழக்கே இறங்கினோம். அங்கே ஒவ்வொரு சந்தும் மெல்ல வளைகிறது, கோடியில் கடல் தெரிவதில்லை. குளிர்காலத்தில் மலையிலிருந்து விழுந்து வரும் பூரா காற்று நேராக உள்ளே பாயாதபடி வளைத்திருக்கிறார்கள். இடைக்காலத்தில் ஊரை வகுத்தவர்கள் கோடைக்கு ஒரு வாசலும் குளிருக்கு ஒரு கதவும் வைத்ததுபோலத் தெருவையே வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் இன்றைக்கும் அந்தக் கணக்குதான் நடக்கிறது. தரைவழியாக வந்திருந்தால் இதை ஒரு தகவலாகப் படித்துவிட்டுப் போயிருப்பேன். அதே காற்றில் பாதிநாள் ஓடிவந்து, அதே காற்றை அந்தச் சந்துக்குள் சந்தித்தபோதுதான் அந்த ஊர் புரிந்தது.

மார்கோ போலோ பிறந்தது எங்கள் ஊரில் என்று கோர்ச்சுலாக்காரர்கள் சொல்கிறார்கள். வெனிஸ் ஒப்புக்கொள்வதில்லை. 1298-இல் இந்தத் தீவை ஒட்டிய கடலில் ஜெனோவாக் கப்பற்படை வெனிஸின் படையை முறியடித்தது. அந்தப் போரில்தான் அவர் பிடிபட்டார் என்றும் சொல்கிறார்கள். ஜெனோவாச் சிறையில் உடனிருந்த ருஸ்டிகெல்லோ என்ற எழுத்தாளருக்குத் தன் பயணங்களைச் சொல்லி எழுதவைத்தார் என்பது உறுதியானது. அந்தப் புத்தகத்தில் நம் பாண்டிய நாட்டுக் கரை வருகிறது. காயல் துறைமுகமும், முத்துக்குளிப்பும், வெற்றிலை மெல்லும் மக்களும் வருகிறார்கள். இதையெல்லாம் அந்த 'மார்கோ போலோ வீடு' என்கிற கோபுரத்தின் படியில் உட்கார்ந்து நான் பாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தாகத்துக்குப் பாட்டிலை உயரத் தூக்கி, உதட்டில் படாமல், அண்ணாந்து ஊற்றிக் குடித்தாள். ஜெர்மனியில் பிறந்த பெண்ணுக்கு அவள் அம்மா கொடுத்த பழக்கம் அது ஒன்று. கேப்டன் வியந்து பார்த்தார். இப்படி அண்ணாந்து குடிப்பதையும் மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார் என்று நான் சொன்னபோது, பாட்டிலை வாங்கி அவரும் முயன்றார். சட்டை நனைந்தது. விடாமல் மறுபடி முயன்று, இரண்டு மடக்குச் சரியாகக் குடித்துவிட்டார்.

மறுநாள் நண்பகலில் மேஸ்ட்ரால் வரவில்லை. வானம் வெளுத்து, வெயில் மங்கி, ஒரே புழுக்கம். படகுத்தளம் ஈரமாகவே கிடந்தது, உப்பு ஜாடியில் உப்பு கட்டியாயிற்று. தென்கிழக்கிலிருந்து, காற்று வருவதற்கு முன்னாலேயே, நீண்ட தாழ்ந்த அலை வரத் தொடங்கியது. "யூகோ," என்றார் கேப்டன். ஆப்பிரிக்கப் பக்கமிருந்து ஈரத்தையும் மழையையும் கொண்டுவரும் காற்று. திடீரென்று வராது, ஒருநாள் இரண்டுநாள் எடுத்து வளரும். அது முழுக்க வளருமுன் அதையே முதுகில் வாங்கிக்கொண்டு விஸ் தீவுக்குப் போய்விடலாம் என்றார். விஸ் துறை வடகிழக்கைப் பார்த்தது, தெற்கிலிருந்து வருவது உள்ளே புகாது.

இருட்டு பிரியும் முன் கிளம்பினோம். பாதிப் பாயை மடித்துக் கட்டியும் படகு பறந்தது. பின்னாலிருந்து வரும் ஒவ்வொரு அலையும் படகின் பின்புறத்தைத் தூக்கி, அடியில் நுழைந்து, முன்னால் போய் இறக்கிவிட்டது. தங்கைக்குத் தலைசுற்றல், வாந்தி. உள்ளே போய்ப் படுக்கிறேன் என்றவளைக் கேப்டன் விடவில்லை. சுக்கான் சக்கரத்தை அவள் கையில் கொடுத்து, தூரத்தில் தெரிந்த தீவின் முனையைக் காட்டி, அதை விட்டுக் கண்ணை எடுக்காதே என்றார். கால்மணி நேரத்தில் அவள் முகத்தில் நிறம் திரும்பியது. அதற்குப் பிறகு வேறு யாருக்கும் சக்கரத்தைத் தரவில்லை. விஸ்ஸில் கட்டியதும் மழை கொட்டியது. ஆடாத அடுப்பில் தங்கை மிளகு ரசம் வைத்தாள். ஊரிலிருந்து நான் கொண்டுபோன பொடி. கேப்டன் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, யூகோ அடிக்கும்போது எங்கள் வீட்டில் இதுதான் இல்லாத குறை என்றார்.

எல்லாரும் விஸ்ஸுக்கு வருவது பக்கத்திலுள்ள பிஷெவோ தீவின் நீலக் குகையைப் பார்க்க. தண்ணீருக்கடியில் இருக்கும் திறப்பு வழியாக வெயில் உள்ளே போய், குகை முழுக்க நீலமாக ஒளிருமாம். யூகோ அலையில் படகு உள்ளே போகாது. பாப்பாவுக்கு ஏமாற்றம். அதற்குப் பதில் பேருந்து ஏறி, மலையைக் கடந்து, கேப்டனின் சொந்த ஊரான கோமிஜாவுக்குப் போனோம். அந்த வாரத்தின் மிக நல்ல நாள் அதுதான்.

வழியில் திராட்சைத் தோட்டங்களைக் காட்டினார். 1944-இல் நேச நாடுகளின் விமான ஓடுபாதை அங்கே இருந்தது. அடிபட்டுத் திரும்பும் குண்டுவீச்சு விமானங்கள் இறங்கின. மலைக்குகையில் யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ தலைமையகம் வைத்திருந்தார். போருக்குப் பின் தீவு முழுக்க ராணுவத் தளமாகி, 1989 வரை வெளிநாட்டவர் கால்வைக்க முடியாதபடி மூடிக்கிடந்தது. "நான் முதன்முதலா வெளிநாட்டுப் பயணியைப் பார்க்கும்போது எனக்குக் கல்யாண வயசு," என்றார். பெரிய ஓட்டல்கள் பெருகாததால் தீவு தீவாகவே தப்பியது. வேலை இல்லாமல் ஆட்கள் வெளியேறியதும் அதனால்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கே தளம் அமைத்த ஆங்கிலேயக் கேப்டன் வில்லியம் ஹோஸ்ட்டின் ஆட்கள் கிரிக்கெட் ஆடினார்களாம். அவர் பெயரில் இப்போதும் தீவில் ஒரு கிரிக்கெட் கிளப் நடக்கிறது. தங்கை கணவர் அந்த மைதானத்தைப் பார்க்காமல் வர மாட்டேன் என்று மழையில் நின்றார்.

கோமிஜா ரொட்டிக்கடையில் பொகாச்சா வாங்கினோம். மாவுக்குள் உப்பிட்ட நெத்திலியும் வெங்காயமும் வைத்துச் சுடுவது. கோமிஜாவில் தக்காளியும் சேர்ப்பார்கள். மலைக்கு அந்தப்பக்கம் விஸ் ஊரில் சேர்க்க மாட்டார்கள். தக்காளி இல்லாதது பொகாச்சாவே இல்லை என்று ரொட்டிக்கடைக்காரரும் கேப்டனும் ஒன்றாகச் சொன்னார்கள். அப்போது குனா நாணயம் புழக்கத்தில் இருந்தது. இரண்டு குனா காசில் சூரை மீன் இருக்கும். பாப்பா அதைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டாள். 2023 பிறந்த அன்று அந்த நாடு யூரோவுக்கு மாறிவிட்டது.

துறையில் ஒரு ஃபால்குஷா படகு நின்றது. கேப்டன் அதன் பலகையைத் தடவியபடி தன் தாத்தாவைப் பற்றிப் பேசினார். நடுக்கடலில் பலக்ரூஜா என்ற பாறைத்தீவு, 40 கடல் மைலுக்கு மேல். மத்தியும் நெத்திலியும் அங்கேதான். பாய்க்குக் காற்றிருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. ஒரு படகுக்கு ஐந்து பேர். போகும்போது அலை உள்ளே அடிக்காமல் இருக்க விளிம்பில் பலகைகளை மாட்டி உயர்த்துவார்கள். வலை இழுக்கும்போது கழற்றிவிடுவார்கள். பலக்ரூஜாவில் படகை இழுத்துப்போடக் கொஞ்சம் கரைதான் உண்டு. முதலில் போகிறவருக்கு இடம். அதனால் கோமிஜாவிலிருந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பிப் போட்டியிட்டார்கள்; 1593-இலேயே அந்தப் போட்டி பதிவாகியிருக்கிறது. பழைய படகுகளில் கடைசியானது 1986-இல் புயலில் உடைந்துபோனது. 1998-இல் லிஸ்பனில் நடந்த உலகக் கண்காட்சிக்காகப் புதிதாக ஒன்று கட்டினார்கள். அதைக் கட்டும்போது கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள் என்பதைக் கேப்டன் இரண்டுமுறை சொன்னார்.

மழை விட்டதும் வானம் துடைத்துவிட்டதாக இருந்தது. ஸ்பிளிட்டுக்குத் திரும்பும்போது காற்று போதவில்லை. இன்ஜினும் பாயுமாகப் போய்ச் சேர்ந்தோம்.

இப்போது அந்தக் குடாக்களில் நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது என்கிறார்கள். நங்கூரம் கடற்புல்லை வேரோடு கிழிக்கிறது என்பதால் பல இடங்களில் மிதவைதான், அதற்கும் கோடையில் முன்பதிவு. அது நல்லதுதான், அந்தப் புல்மேட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பாப்பா கல்லூரிக்குப் போய்விட்டாள். படகோட்டும் உரிமத் தேர்வும் எழுதித் தேறியிருக்கிறாள். அடுத்த கோடையில் அவளே சுக்கான் பிடிக்கப்போகிறாளாம். கேப்டனிடமும் எழுதிக் கேட்டிருக்கிறாள். அவர் பயணிகளை அழைத்துப்போவதை நிறுத்திவிட்டார், ஊரில் படகு செப்பனிடுகிறார், கோமிஜாவுக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறார். நீலக் குகையை இந்த முறை விடப்போவதில்லை என்று அவள் சொல்கிறாள். நான் கேட்டது செப்டம்பரில் போகலாம், ஸ்டாரி கிராடில் கூடுதலாக ஒருநாள் நிற்கலாம் என்பது மட்டும். திராட்சை பறிக்கும் மாதம் அது. அந்தப் பெரியவர் தன் வேலியை எதுவரை கட்டியிருக்கிறார் என்று போய்ப் பார்க்க வேண்டும்.